சாம்பாரில் காயை மட்டும் ஒதுக்குகிறேன், 32 வயதில் மாற முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 32. சின்ன வயதிலிருந்தே உருளைக்கிழங்கு தவிர வேறு எந்தக் காயும் இறங்காது. சாம்பாரில்கூட காயை ஓரமாக ஒதுக்கிவிடுவேன். கத்தரிக்காய், வெண்டைக்காய் வாயில் பட்டாலே குமட்டும். திருமணமாகி எட்டு மாதம் ஆகிறது. சமைத்ததை ஒதுக்குகிறேன் என்று மனைவிக்கு வருத்தம். மலச்சிக்கல் உண்டு. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 5.9. காய்க்குப் பதிலாக வைட்டமின் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

மருத்துவர் பதில்: மாத்திரையில் வைட்டமின் இருக்கும், நார்ச்சத்து இருக்காது. உங்கள் மலச்சிக்கலுக்கு வேண்டியது நார்ச்சத்துதான். கடையில் கிடைக்கும் இசப்கோல் என்ற நார்த்தூள் மலத்தை இளக்கும். கொஞ்ச நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் தட்டில் காயின் இடத்தை அது நிரப்பாது. ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்கிறோம். இப்போது உங்கள் தட்டில் சோறும் கிழங்கும், அதாவது மாவுச்சத்துடன் மாவுச்சத்துதான் இருக்கிறது. நாளொன்றுக்குக் காய்கறி, பழம் இரண்டும் சேர்த்து 400 கிராமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தக் கணக்கில் உருளைக்கிழங்கைச் சேர்ப்பதில்லை. சரி, அந்த 400 கிராமை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நாம் ஒரு ஸ்பூனிலிருந்து தொடங்கப் போகிறோம்.

உங்களைக் 'கொழுப்பெடுத்தவன்' என்று வீட்டில் திட்டியிருப்பார்கள். அப்படியில்லை. 1931-ல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் பி.டி.சி. என்ற தூள் காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் "கசக்கிறதே" என்றார். ஃபாக்ஸுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. சிலவகைக் கசப்பை உணர்வதில் ஆளுக்கு ஆள் பிறவியிலேயே வித்தியாசம் உண்டு. முட்டைக்கோஸ், முள்ளங்கி போன்றவற்றைச் சிலர் வெறுக்க இது ஒரு காரணம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் இருப்பது கத்தரியும் வெண்டையும். இரண்டுமே கசப்புக் காய்கள் அல்ல. உங்களுக்குப் பிரச்சினை சுவையில் இல்லை, அந்தக் கொழகொழப்பில்தான் என்று நினைக்கிறேன். மொறுமொறுப்பான உருளை வறுவல் மட்டும் இறங்குவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். இது நல்ல செய்தி. நாக்கை மாற்ற நாளாகும். சமைக்கும் விதத்தை இன்றைக்கே மாற்றலாம்.

வெண்டைக்காயையே எடுத்துக்கொள்வோம். முழுசாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, அப்புறம் நறுக்குங்கள். அந்தப் பசை தண்ணீர் பட்டால்தான் பெருகும். அகலமான இரும்பு வாணலியில், மூடாமல், தண்ணீர் தெளிக்காமல் வதக்குங்கள். பாதி வதங்கியதும் ஒரு ஸ்பூன் கெட்டிப் புளிக்கரைசலோ தயிரோ விட்டால் இழை அறுந்துவிடும். உப்பைக் கடைசியில் போடுங்கள். நானும் கல்லூரி விடுதியில் ஐந்து வருடம் வெண்டைக்காயைத் தொடாதவன்தான். அங்கே போட்டது வெண்டைக்காய்ப் பொரியலா, பசை காய்ச்சியதா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

இப்படிச் செய்ததில் நான்கு துண்டு போதும். பசியோடு உட்காரும்போது முதல் கவளத்திலேயே, உங்களுக்குப் பிடித்த ரசம் சாதத்தோடு சாப்பிடுங்கள். பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, மென்று விழுங்கினால் போதும். புதுக் காய் ஒன்றை ஏற்றுக்கொள்ளக் குழந்தைகளுக்கு 8 முதல் 15 தடவை ருசி காட்ட வேண்டியிருக்கும். பெரியவர்களும் அப்படித்தான் பழகுகிறார்கள். இரண்டாம் தடவையோடு 'எனக்கு இது ஆகாது' என்று கைகழுவுவதுதான் நாம் செய்யும் தப்பு. ஒரு காய் பழகியபின் அடுத்தது: பொடியாக நறுக்கித் தேங்காய் தூவிய பீன்ஸ், பிறகு கேரட். கத்தரிக்காய் கடைசியில் வரட்டும். வராமலே போனாலும் குடி முழுகிவிடாது.

அரைத்துச் சப்பாத்தி மாவில் ஒளித்துக் கொடுக்கும் யோசனையை மனைவி சொல்வார். சத்து போய்ச் சேரும், ஆனால் நாக்கு எதையும் பழகாது. அதைவிட, நீங்கள் சாப்பிடும்போது அவர் உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருப்பது பெரிய உதவி. அவர் சமையலில் குறை ஒன்றுமில்லை என்று நீங்களும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அளவை வாரா வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடக் குடியுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பி, பழி காயின் மேல் விழும். ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் நாக்கை நம்புங்கள்: சுரைக்காயோ வெள்ளரிக்காயோ கசந்தால் துப்பிவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு. கசக்கும் சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்தவர்கள் நம் நாட்டிலேயே உண்டு.

காய் மட்டுமல்லாமல் சாப்பிடும் எல்லா வகையும் சுருங்கிக்கொண்டே போகிறது, எடை குறைகிறது, தொண்டையில் அடைத்துவிடுமோ என்று பயம் வருகிறது என்றால் அது வேறு. 2013-லிருந்து அதைத் தனி உணவுக் கோளாறாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள்; மனநல மருத்துவரைப் பார்க்கலாம், சிகிச்சை உண்டு. உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறி எதுவும் தெரியவில்லை.

ரத்தத்தில் ஹீமோகுளோபினும் வைட்டமின் பி12-ம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி திரும்ப எடுங்கள். இடையில் மலத்தில் ரத்தம் தெரிந்தால் மட்டும் அதுவரை காத்திருக்காமல் நேரில் போய் மருத்துவரைப் பாருங்கள்.