கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டை விடுங்கள், குழாய் மில்லைப் பாருங்கள்

ஆவடியிலிருந்து ஓர் அப்பா, பிளஸ் டூ முடித்த மகனோடு வந்தார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறாராம் மைத்துனர். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டும். "சேர்க்கலைன்னா சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க சார்?"

கவலை புரிகிறது. ஆனால் தவணை கட்டப் போவது சொந்தக்காரர்கள் இல்லை. பையன் கோடிங் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறான். பழைய மோட்டாருக்குக் காயில் கட்டுகிறான். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும் சார்.

நர்சிங், பி.காம் எல்லாம் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நான் சொல்வது உங்கள் ஊரிலேயே 1950களிலிருந்து நடக்கும் தொழில்: இரும்புக் குழாய். தகட்டுப் பட்டையை உருளைகள் வளைத்து வளைத்துக் குழாய் வடிவுக்குக் கொண்டுவரும். இரண்டு ஓரங்களும் 'வி' வடிவில் நெருங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், குழாயைச் சுற்றி ஒரு செம்புக் காயில். அதில் நொடிக்கு லட்சக்கணக்கான முறை திசை மாறும் மின்சாரம். காயில் குழாயைத் தொடுவதே இல்லை. ஆனாலும் ஓரங்கள் மட்டும் சூடேறிப் பழுத்துவிடும், அழுத்த உருளைகள் நெருக்கியதும் ஒட்டிக்கொள்ளும். வெல்டிங் கம்பியே கிடையாது.

குழாய்க்குள்ளே இம்பீடர் என்று ஒரு தண்டு இருக்கும், ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆனது. மின்சாரம் குழாயின் உட்சுவர் வழியாக வீணாகச் சுற்றாமல், ஓரங்களுக்கே போகச் செய்வது அதுதான். அதைக் குளிர்விக்கும் தண்ணீர் குறைந்தால் ஃபெரைட் சூடேறி வேலை செய்யாது. மூட்டு பலமில்லாமல் போகும். வெளியே பார்த்தால் குழாய் பளபளவென்றுதான் இருக்கும்! ஒரு துண்டை வெட்டி, மூட்டு பிளக்கிறதா என்று நசுக்கிப் பார்க்க வேண்டும். காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிற ஆள்தான் மில்லுக்கு வேண்டும். மோட்டார் பிரிக்கிற பையனுக்கு இது பிடிக்காமல் போகுமா?

பிளஸ் டூவில் கணிதம், அறிவியல் எடுத்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். எலக்ட்ரிக்கல் அல்லது மெக்கானிக்கல் எடுக்கட்டும். அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடனே தேவைப்படாது. அப்புறம் உதவித்தொகையோடு அப்ரண்டிஸ். பிறகு வேண்டுமானால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதற்குள் அவன் கையிலேயே காசு இருக்கும்.

சத்தம் உண்டு, ராத்திரி ஷிஃப்ட் உண்டு, தொடக்கச் சம்பளம் ஐ.டி. கதைகளில் வருவது போல இருக்காது. அதனால் முதலில் தெரிந்தவர் மூலம் ஒரு மில்லுக்குள் கூட்டிப் போய்க் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் திரும்ப வாருங்கள், வேறு பேசுவோம். பத்திரத்தை அடகு வைக்கும் பேச்சு மட்டும் வேண்டாம்.