கணினி கேள்வி – பதில்: சி டிரைவில் கண்ணுக்குத் தெரியாத கோப்புகள்

கேள்வி: எங்கள் வீட்டு மேசைக் கணினியில் விண்டோஸ் 10, 8 ஜிபி ராம், 120 ஜிபி எஸ்எஸ்டி உள்ளன. சி டிரைவில் இடமில்லை என்று எச்சரிக்கை வருகிறது. ஆனால் கோப்புறைகளின் அளவைக் கூட்டிப் பார்த்தால் 15 ஜிபி வரை கணக்கு உதைக்கிறது. மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்தபோது ஹைபர்ஃபில்.சிஸ், பேஜ்ஃபைல்.சிஸ் என்ற பெரிய கோப்புகள் தெரிந்தன. டெஸ்க்டாப்பிலும் டெஸ்க்டாப்.ஐஎன்ஐ என்று இரண்டு முளைத்துள்ளன. இவை வைரஸா? அழித்துவிடலாமா?

பதில்: வைரஸ் அல்ல. ஆனால் டெலிட் பொத்தானால் தீர்க்கக்கூடிய விஷயமும் அல்ல. விண்டோஸில் மறைப்பு இரண்டு அடுக்காக இருக்கிறது. ‘ஹிடன்’ என்ற குறி மட்டும் உள்ளவை, எக்ஸ்புளோரரின் வியூ பகுதியில் ஒரு டிக் செய்தவுடன் தெரிந்துவிடும். அதோடு ‘சிஸ்டம்’ என்ற குறியும் சேர்ந்தவை, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் டிக்கை எடுத்து, அப்போது வரும் எச்சரிக்கைக்கும் ‘எஸ்’ சொன்ன பிறகே வெளிப்படும். நீங்கள் இரண்டையும் திறந்துவிட்டீர்கள்.

உங்கள் இடத்தை அதிகம் பிடித்திருப்பவற்றில் ஹைபர்ஃபில்.சிஸ் ஒன்று. கணினியை ஹைபர்னேட் செய்யும்போது (திறந்திருக்கும் வேலையை அப்படியே சேமித்து அணைக்கும்போது) ராமில் உள்ளதைச் சுருக்கி எழுதிவைப்பதற்காக, வழக்கமாக ராமின் அளவில் 40 சதவீதத்தை, அதாவது உங்கள் கணினியில் 3 ஜிபிக்குச் சற்று மேல், விண்டோஸ் முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறது. கணினியை வேகமாகத் தொடங்கவைக்க விண்டோஸ் 8 முதல் வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியும் இதே கோப்பை நம்பித்தான் இருக்கிறது. பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் அது தரும் வேகம் கண்கூடு. எஸ்எஸ்டியில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆகவே நீங்கள் இதைத் தாராளமாக நீக்கலாம். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு திறந்து, ‘பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்’ (powercfg /h off) என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டினால், கோப்பு உடனே மறைந்து இடம் கைக்கு வந்துவிடும். மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. பேட்டரி தீரும் தறுவாயில் திறந்திருக்கும் வேலையைக் காப்பாற்றுவது இந்தக் கோப்புதான்.

பேஜ்ஃபைல்.சிஸ் வேறு வகை. ராம் நிரம்பும்போது, உடனடியாகத் தேவைப்படாத பகுதிகளை விண்டோஸ் இதற்குள் தள்ளிவைக்கிறது. 8 ஜிபி ராமில் பிரவுசரில் இருபது தாவல்களைத் திறந்துகொண்டு இதை நிறுத்திவைத்தால், மென்பொருள்கள் முன்னறிவிப்பின்றி மூடிக்கொள்ளும். அளவைத் தீர்மானிக்கும் பொறுப்பை விண்டோஸிடமே விட்டுவிடுங்கள்.

கணக்கில் உதைக்கும் மீதிக்குப் பெரும்பாலும் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் கோப்புறை காரணமாக இருக்கும். கோளாறு வந்தால் கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர உதவும் ரீஸ்டோர் பாயிண்டுகள் இதற்குள்தான் சேமிக்கப்படுகின்றன. நீங்களே திறக்க முயன்றாலும் அனுமதி மறுக்கப்படும் என்பதால், உங்கள் கூட்டலில் அது வந்திருக்காது. சிஸ்டம் ப்ராபர்ட்டீஸில் சிஸ்டம் ப்ரொடெக்‌ஷன் பகுதிக்குச் சென்று, கான்ஃபிகர் பொத்தானை அழுத்தினால், அதற்கான உச்ச அளவைக் குறைக்கலாம். முழுவதும் நிறுத்திவிடாதீர்கள், கோளாறான டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) ஒன்றை நிறுவிய மறுநாள்தான் அதன் அருமை தெரியும்.

டெஸ்க்டாப்.ஐஎன்ஐ ஒரு கோப்புறையின் தோற்றம், ஐகான் போன்ற குறிப்புகளை வைத்திருக்கும் மிகச் சிறிய உரைக் கோப்பு. இரண்டாகத் தெரிவதற்குக் காரணம், உங்கள் பயனர் கணக்கின் டெஸ்க்டாப்பும் எல்லோருக்கும் பொதுவான டெஸ்க்டாப்பும் ஒரே திரையில் சேர்த்துக் காட்டப்படுவதே.

கேள்வி: ஜெராக்ஸ் கடையில் செருகிய பென் டிரைவில் கோப்புறைகள் காணாமல் போய், அதே பெயரில் ஷார்ட்கட்டுகள் மட்டும் இருக்கின்றன. படங்கள் போய்விட்டனவா?

பதில்: பெரும்பாலும் போயிருக்காது. மேலே சொன்ன அதே இரண்டு குறிகளையும் உங்கள் கோப்புறைகள்மீது ஒட்டிவிட்டு, வைரஸ் தன்னை ஷார்ட்கட்டுகளாகக் காட்டிக்கொள்கிறது. ஆகவே அவற்றைத் தப்பித்தவறியும் இரட்டைச் சொடுக்கு செய்யாதீர்கள். ஆன்டிவைரஸால் பென் டிரைவைச் சோதித்த பின், இரண்டாம் அடுக்கு மறைப்பையும் நீக்கிப் பாருங்கள். கோப்புறைகள் மங்கலாகத் தெரியும். ப்ராபர்ட்டீஸில் ஹிடன் டிக்கை மாற்ற முடியாதபடி அது சாம்பல் நிறத்தில் இருந்தால், சிஸ்டம் குறி இருப்பதாகப் பொருள். கணினியில் புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கி, உள்ளே இருக்கும் படங்களை மட்டும் அதற்குள் நகலெடுத்துக்கொண்டு, பென் டிரைவை ஃபார்மேட் செய்துவிடுங்கள். வேலை முடிந்ததும் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் எடுத்த டிக்கைத் திரும்பவும் வைத்துவிடுங்கள்.