தமிழ் நாக்குக்கு எந்த மொழி கடினம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜப்பானில் வேலைக்குப் போக மொழி படிக்க நினைக்கிறேன். உலகத்திலேயே கஷ்டமான மொழி ஜப்பானியம் என்று ஒரு பட்டியலைக் காட்டி நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். கொரியன் சுலபம் என்கிறார்களே, அதற்கு மாறிவிடலாமா?
– கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை

பதில்: அந்தப் பட்டியல் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்காக வைத்திருப்பது. ஸ்பானிய மொழிக்குச் சுமார் 30 வார வகுப்பு, தமிழுக்கு 44, ஜப்பானியம், கொரியன், சீனம், அரபு நான்குக்கும் 88 என்று போகும். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களுக்குப் போட்ட கணக்கு அது. உங்களுக்கு அதை அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள்.

ஜப்பானிய வாக்கியம் தமிழ் வாக்கியம் நடக்கிற வழியிலேயே நடக்கும். 'ஹொன் ஒ யொமு': ஹொன் என்றால் புத்தகம், ஒ என்பது நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ', யொமு என்றால் படி. உருபு பெயருக்குப் பின்னால், வினை கடைசியில். 'யொந்தே மிரு' என்றால் 'படித்துப் பார்'. யொந்தே 'படித்து', மிரு 'பார்'. கண்ணால் காண்பதைச் சொல்லும் 'பார்' என்ற வினையையே 'முயன்று பார்' என்ற பொருளிலும் வைக்கிறார்கள், நம்மைப் போலவே. ஆங்கிலேயர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் இடம் உங்களுக்கு முதல் வாரத்திலேயே பிடிபடும்.

உங்களைப் படுத்தப்போவது எழுத்து. ஹிரகானா, கதகானா என்று ஒலியைக் காட்டும் எழுத்து வரிசைகள் இரண்டு; அவற்றில் அடிப்படை எழுத்து 46, 46. மூன்று வாரம் போதும். அதற்கு மேலும் ரோமன் எழுத்தில் படித்துக்கொண்டிருந்தால் அங்கேயே தேங்கிவிடுவீர்கள். பிறகு சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கென 2010இல் திருத்தப்பட்ட அரசுப் பட்டியலில் 2,136 இருக்கின்றன. நாளுக்கு ஐந்து என்றாலும் 14 மாதம். அதுவும் முந்தியதை மறக்காமல் இருந்தால்! ஒரே எழுத்துக்குப் பல ஒலிகள் வேறு. மனிதனைக் குறிக்கும் எழுத்து தனியே நின்றால் 'ஹிதொ', சேர்ந்து வந்தால் 'ஜின்' அல்லது 'நின்'. அதனால் எழுத்தைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், அது வரும் சொல்லோடு சேர்த்துப் படியுங்கள்.

கொரியனுக்கும் இதே வாக்கிய அமைப்புதான். செஜோங் மன்னர் காலத்தில் எழுத்தை உருவாக்கி 1446இல் வெளியிட்டார்கள், இன்று புழக்கத்தில் இருப்பவை 24. நான்கைந்து நாளில் வாசிக்கத் தொடங்கலாம். சிக்கல் காதில் இருக்கிறது. நிலா, மகள், முகமூடி மூன்றுக்கும் கொரியச் சொல்லைத் தமிழில் எழுதினால் மூன்றுமே 'தல்'! ஒன்று மெல்லிய 'த', ஒன்று தொண்டையை இறுக்கிச் சொல்வது, ஒன்று மூச்சைத் தள்ளிச் சொல்வது. நம் வல்லினத்தில் ஓர் இடத்துக்கு ஓர் எழுத்துதான். எந்த மொழி படித்தாலும் நோட்டில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்காதீர்கள். எழுதியது அழிந்தாலும் அந்தத் தப்பு நாக்கில் தங்கிவிடும்.

வேலை ஜப்பானில் என்றால் ஜப்பானியமே படியுங்கள். சுலபம் என்பதற்காக மாற வேண்டாம்.

கேள்வி: சீனாவிலிருந்து சரக்கு எடுக்கிறோம். பேசும் அளவுக்குச் சீனம் வருமா?
– வியாபாரி, மண்ணடி

பதில்: வரும். வினைச்சொல் காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறாத மொழி. ஆனால் ஏற்ற இறக்கம் தவறினால் பொருளே மாறும். 'மாய்' என்பதைத் தணித்துச் சொன்னால் 'வாங்கு', மேலிருந்து வெட்டி இறக்கினால் 'விற்பனை செய்'. உங்கள் தொழிலில் இந்த இரண்டும் இடம் மாறக் கூடாது. தொனி எனப்படும் இந்த ஏற்ற இறக்கம் நான்கு வகை. அவற்றைத் தனித்தனி அசையில் பழகுவது வீண். ஈரசைச் சொற்களாகவே பழகுங்கள். தணிந்து ஒலிக்கும் மூன்றாம் தொனி இரண்டு அடுத்தடுத்து வந்தால் முன்னது மேலேறும் இரண்டாம் தொனியாகிவிடும், 'நீ ஹாவ்' என்ற வணக்கத்திலேயே அது நடக்கிறது.

அடுத்தது மூச்சு. ரோமன் எழுத்தில் 'b' என்று இருப்பது நம் சொல் முதல் 'ப', மூச்சு வராது. 'p' வந்தால் மூச்சு வெளியே வர வேண்டும். உதட்டுக்கு இரண்டு விரற்கடை தள்ளி மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். காகிதம் படபடத்தால் சரி. 'ஆர்' ஒலிக்கு 'ழ'வுக்கு நாக்கை மடிப்பதுபோல மடியுங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும். எழுத்தைக் கையால் எழுதிப் பழக நேரம் செலவிட வேண்டாம். போனில் ரோமன் எழுத்தால் தட்டி, வரும் எழுத்தை அடையாளம் கண்டால் வியாபாரத்துக்குப் போதும்.

கேள்வி: சௌகார்பேட்டையில் கடையில் வேலை. இந்தி பேசுகிறேன், ஆனால் ஆண்பால் பெண்பால் தப்பு என்று திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.
– வாசகி, வியாசர்பாடி

பதில்: நமக்கு அஃறிணையில் ஆண், பெண் கிடையாது. அங்கே வீடு ஆண், புத்தகம் பெண். ஒவ்வொரு பெயரையும் 'மேரா', 'மேரி' சேர்த்தே மனத்தில் வையுங்கள்: மேரா கர், மேரி கிதாப். 'ஈ'யில் முடிந்தால் பெரும்பாலும் பெண்பால். ஆனால் பானி (தண்ணீர்), கீ (நெய்), மோதி (முத்து) மூன்றும் ஆண்பால். இறந்த காலத்தில் 'நே' வந்தால் வினை உங்களைப் பார்க்காது, நீங்கள் சாப்பிட்ட பொருளைப் பார்க்கும். ரொட்டி பெண்பால் என்பதால் 'மைனே ரொட்டி காயி', ஆம் (மாம்பழம்) ஆண்பால் என்பதால் 'மைனே ஆம் காயா'. சொல்பவர் ஆணா பெண்ணா என்பது இங்கே கணக்கில்லை.

கேள்வி: குர்ஆன் ஓதத் தெரியும். வளைகுடா வேலைக்கு அந்த அரபு போதுமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: மற்றவர்கள் மாதக்கணக்கில் பழகும் ஒலிகள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. 'கல்ப்' அடித்தொண்டையில் வந்தால் இதயம், முன்னால் வந்தால் நாய் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பேச்சு வேறு. 'எனக்கு வேண்டும்' என்பதற்கு எழுத்தில் 'உரீத்', வளைகுடாப் பேச்சில் 'அபி'. போகும் நாட்டின் பேச்சுக்கென்று தனியே பாடம் எடுங்கள். கடைப் பலகையிலும் செய்தித்தாளிலும் உயிர்க்குறிகள் இருக்காது, சொல் தெரிந்தால்தான் வாசிக்க முடியும். பன்மைக்கும் ஒரே விதி இல்லை. கிதாப் பன்மையில் குதுப் ஆகும். ஒருமையையும் பன்மையையும் ஒரே வரியில் எழுதி, இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.