ஓய்வுக்குப் பின் குதிரைக்கு மூச்சு வாங்குது: பதில்

மூணு மாசம் கொட்டில்லயே நின்ன குதிரை, 20 நிமிஷ ட்ராட்டுக்கே (நடையை விட வேகமான மிதமான ஓட்டம்) இரைக்குது, நிறுத்தி 15 நிமிஷம் ஆகியும் நாடி நிமிஷத்துக்கு 80னு எழுதியிருக்கீங்க. பெரும்பாலும் பழக்கம் விட்டுப்போனதுதான். பயிற்சி கொடுத்தாலும் உச்சத் துடிப்பு மாறாது, 220-240 தான். அதே வேகத்துக்கு இதயம் குறைவா துடிக்கும், நின்னதும் சீக்கிரம் இறங்கும். நெடுந்தூரப் பந்தயத்துல 64க்குள்ள இறங்கினாத்தான் மேல விடுவாங்க. நாடி பார்க்க, தாடை எலும்போட உள்விளிம்புல விரல் வச்சு 15 நொடி எண்ணி, நாலால பெருக்குங்க.

இதயமும் தசையும் சில வாரத்துல தேறிடும். கால் தசைநாருக்கும் எலும்புக்கும் மாசக்கணக்காகும். துள்ளுதேன்னு வேகம் கூட்டினா நொண்டிதான் மிச்சம். முதல் மாசம் நடையே போதும், இடையில கொஞ்சம் ட்ராட். சும்மா நிக்கும்போதே நாடி 60 தாண்டினா ஓட்டாதீங்க, கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்க.