சின்சே கொடுத்த பொட்டலமும் மாமியாரின் மறதியும்: சில கேள்விகள், சில பதில்கள்

சிங்கப்பூரில் மருந்தாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ஆல்சைமர் நோய்க்குச் சீன மருத்துவமும் வாழ்க்கைமுறை மாற்றமும் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்று கேட்டு வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் சின்சே, அதாவது சீன மருத்துவர், அல்லன். ஆனால் சின்சே எழுதிய சீட்டையும் மருத்துவமனைச் சீட்டையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவரும் குடும்பங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்தவன்.

மாமியாருக்கு 74 வயது. ஆல்சைமர் என்று சொல்லி டோனெபசில் என்ற மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியோ, "சிறுநீரகம் பலவீனமாகிவிட்டது, அதனால்தான் மறதி" என்கிறார். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் ஐயா? (ஒரு மருமகள், ஜூரோங்)

பாட்டி சொல்லும் சிறுநீரகம் ஸ்கேனில் தெரியும் சிறுநீரகம் அல்ல அம்மா. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்ட 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற சீன மருத்துவ நூல் மூளையை 'மஜ்ஜையின் கடல்' என்கிறது. உடலின் சாரத்தைச் சேமிப்பது சிறுநீரகம், அந்தச் சாரத்திலிருந்து மஜ்ஜை, மஜ்ஜை நிறைந்தால் மூளை. வயதாக ஆகச் சாரம் வற்றுகிறது, கடலும் வற்றுகிறது. இன்னொரு விளக்கமும் உண்டு: சளி திரண்டு இதயத்தின் வாசல்களை அடைத்துவிடுகிறது. நம் சித்த வைத்தியர் கபம் என்றால் மூக்கில் வருவதை மட்டுமா சொல்கிறார்? அதுபோலத்தான். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம்.

ஆனால் பழைய நூல்கள் மறதியை ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருக்கின்றன. பக்கவாதத்தால் வரும் மறதி, மனச்சோர்வால் வருவது, தைராய்டு குறைவால் வருவது எல்லாம் அதற்குள்ளே கிடக்கின்றன. 1906இல் அலாய்ஸ் ஆல்சைமர், தாம் கவனித்துவந்த அகுஸ்தே டீட்டர் என்ற பெண்ணின் மூளையில் கண்ட படிவுகளையும் முடிச்சுகளையும் டூபிங்கன் நகரில் விவரித்த பிறகுதான் இந்த ஒரு நோய் மூட்டையிலிருந்து தனியே வந்தது. மாமியாருக்கு வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனைகள் ஆயிற்றா என்று கேளுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகள் வீட்டில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். முதியவர்களின் குழப்பத்தைக் கூட்டுவதில் அவை கெட்டிக்காரத்தனமானவை.

சின்சே எழுதிய சீட்டில் ஜின்செங், ஃபூலிங், யுவான்ஜி, ஷிசாங்பூ என்று நான்கு இருக்கின்றன. இவை என்ன? (அதே மருமகள்)

அது 'கைசின்சான்' என்ற பழைய கூட்டு. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் சிமியாவ் என்ற மருத்துவரின் நூலில் இருக்கிறது. கைசின் என்றால் 'இதயத்தைத் திறப்பது'. இன்றைய சீனப் பேச்சில் அதே சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள். யுவான்ஜி ஒரு வேர். பெயருக்கு 'தொலைநோக்குள்ள மனவுறுதி' என்று பொருள். ஃபூலிங் பைன் மரவேரில் வளரும் ஒரு பூஞ்சை.

ஷிசாங்பூதான் உங்களுக்குச் சுவையான செய்தி. அது நம் வசம்பின் ஒன்றுவிட்ட சகோதரன், ஒரே பேரினம். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பாருங்கள், பிள்ளை பெற்ற வீட்டின் வாசனை வரும். சுட்ட வசம்பைக் குழந்தையின் நாக்கில் தடவியவர்களும், அதன் இனத்தைக் கிழவர்களின் மறதிக்குக் காய்ச்சிக் கொடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே செடியைத்தான் நம்பியிருக்கிறார்கள். இரண்டிலும் பீட்டா அசரோன் என்ற பொருள் உண்டு. எலிகளில் அது புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. சில நாள் கஷாயத்துக்குப் பயந்து நடுங்க வேண்டியதில்லை. வருடக்கணக்கில் தினமும் குடிக்கும் பொருளாக நான் இதை நினைக்கமாட்டேன். ஆய்வகத்தில் எலிகளிடம் இந்தக் கூட்டு நன்றாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது. ஆல்சைமர் நோயை நிறுத்தும் என்று காட்டிய நம்பத்தகுந்த பெரிய மனித ஆய்வு இல்லை.

இணையத்தில் ஹூபெர்சைன் மாத்திரை வாங்கினேன். சீன மூலிகை, இயற்கையானது. அப்பாவுக்கு டோனெபசிலோடு சேர்த்துக் கொடுக்கலாமா அண்ணா? (கிள்ளான்)

கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற பொருளை ஒரு நொதி உடைத்துக்கொண்டே இருக்கிறது. டோனெபசிலின் வேலை அந்த நொதியைத் தடுப்பது. சீனாவில் சியன்செங்தா என்று அழைக்கப்படும் சிறு செடியிலிருந்து 1980களில் சீன விஞ்ஞானிகள் பிரித்தெடுத்த ஹூபெர்சைன் ஏ செய்வதும் அச்சு அசலாக அதே வேலை. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது ஒரே மருந்தை இரட்டிப்பாகக் கொடுப்பதுதான். வாந்தி, பேதி மட்டும் வந்தால் தப்பித்தீர்கள். நாடித்துடிப்பு குறைந்து குளியலறையில் மயங்கி விழுந்தால் இடுப்பெலும்பு போகும்.

தனியாகக் கொடுத்தால்? சீனாவில் இது மருந்தாகவே பயன்படுகிறது. அமெரிக்காவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 200 மைக்ரோகிராம் வீதம் தினம் இருவேளை 16 வாரம் கொடுத்தும் வெற்று மாத்திரையைவிட நினைவாற்றல் கூடவில்லை. 'இயற்கை' என்ற சொல்லுக்கு நான் மயங்குவதில்லை தம்பி. மறதிநோய்க்கு மருத்துவமனையில் கொடுக்கும் கலந்தமின் என்ற மருந்தும் முதலில் பனித்துளிப் பூச்செடியிலிருந்து வந்ததுதான். அதற்கு அளவு தெரியும், பக்கவிளைவு தெரியும். நீங்கள் வாங்கிய புட்டிக்குள் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று உறுதி சொல்ல யாரும் இல்லை.

கிங்கோ மரத்தின் இலை மாத்திரை கொடுக்கலாமா? (ஈப்போ)

வேண்டாம். 75 வயதைத் தாண்டிய 3,069 பேருக்கு அமெரிக்காவில் சராசரியாக ஆறு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். மறதிநோய் குறையவில்லை. 2008இல் முடிவு வெளியானது. இதைச் சீன மருத்துவம் என்று விற்கிறார்களே, சீனர்கள் பெரும்பாலும் பயன்படுத்தியது கொட்டையை. இலைச்சாறு மாத்திரை ஜெர்மானியர்களின் வேலை. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோ வார்ஃபரினோ சாப்பிடுகிறவருக்கு ரத்தக்கசிவு அபாயம் வேறு.

கடற்பாசியிலிருந்து சீனா மருந்து கண்டுபிடித்துவிட்டதாமே? (சென்னை)

ஜிவி-971 என்ற மருந்தைச் சொல்கிறீர்கள். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுத்தது என்றாலும் பாரம்பரிய மருந்து அல்ல, நவீன மருந்து. 2019 நவம்பரில் சீனா நிபந்தனையோடு அனுமதித்தது. பல நாடுகளில் தொடங்கிய பெரிய ஆய்வு 2022இல் பாதியில் நிறுத்தப்பட்டது. இதற்காகப் பயணம் போக வேண்டாம்.

அம்மா மாலை ஆனால் கத்துகிறார், அடிக்கிறார். ஜப்பானில் ஒரு மூலிகைத் தூள் கொடுக்கிறார்களாமே? (ஒரு மகன், பினாங்கு)

சீனத்தில் 'யிகான்சான்', ஜப்பானில் 'யோகுகான்சான்'. ஏழு மூலிகைகள். வேடிக்கை என்னவென்றால், 16ஆம் நூற்றாண்டில் இது எழுதப்பட்டது இரவில் வீறிட்டு அழும் குழந்தைகளுக்காக. ஜப்பானிய மருத்துவர்கள் இதை மறதிநோயாளிகளின் கோபத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். சிறிய ஆய்வுகள் சில நல்ல பலன் சொல்கின்றன, பின்னால் வந்தவை அவ்வளவு உறுதியாக இல்லை. நினைவைத் திருப்பித் தராது. இந்தப் பட்டியலில் நான் முற்றிலும் ஒதுக்காத ஒன்று இதுதான். மருத்துவர் கண்காணிப்பில் மட்டும். ஏனென்றால் இதில் அதிமதுரம் இருக்கிறது. அது பொட்டாசியத்தை இறக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். நீர்மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால் இரட்டை ஆபத்து.

அதற்கு முன்னால், மாலையில் திடீரென்று கத்தத் தொடங்கினாரா, மெல்ல மெல்லவா? திடீரென்று என்றால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், எங்காவது வலி என்று தேடுங்கள். அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. பொழுது சாயும் முன்பே எல்லா விளக்குகளையும் போட்டுவிடுங்கள்.

சுற்றுலா போனபோது தூக்கத்துக்கென்று சிவப்பு உருண்டைகள் வாங்கிவந்தோம். (கோயம்புத்தூர்)

சிவப்பு நிறம் சாதிலிங்கமாக இருக்கலாம், அதாவது பாதரசம் சேர்ந்த கனிமம். பழைய சீனத் தூக்க மருந்துகள் சிலவற்றில் அது உண்டு. கொடுக்காதீர்கள்.

அப்பாவுக்கு ஆல்சைமர். எனக்கு 48 வயது. எனக்கு வராமல் இருக்க என்ன செய்யலாம்? (சிங்கப்பூர்)

இந்தக் கேள்விக்குத்தான் கையில் உருப்படியான பதில் இருக்கிறது. உலகில் வரும் மறதிநோயில் ஏறக்குறைய 45 விழுக்காடு, மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு கணித்தது. நடுவயதில் பெரியவை காது மந்தமும் கெட்ட கொழுப்பும். ரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, உடலை அசைக்காமல் இருப்பது எல்லாம் வரிசையில் உண்டு. ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரை வைத்து நடந்த ஆய்வில் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு நான்கையும் சேர்த்து இரண்டாண்டு செய்தவர்கள் சிந்தனைத் தேர்வுகளில் மேலே இருந்தார்கள்.

சீன மரபிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வதானால் தாய்ச்சி என்ற மெதுவான உடற்பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் நினைவு லேசாகத் தடுமாறத் தொடங்கிய 300க்கு மேற்பட்ட முதியவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். உடலை நீட்டி மடக்கியவர்களைவிடத் தாய்ச்சி செய்தவர்கள் முன்னேறினார்கள். தாய்ச்சி செய்துகொண்டே மூளைக்கும் வேலை கொடுத்தவர்கள் அவர்களையும் முந்தினார்கள். அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் காலை ஏழு மணிக்குப் பாட்டிமார் செய்கிறார்களே, அதேதான். வெட்கப்படாமல் கடைசி வரிசையில் நில்லுங்கள்.

காதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. என் அம்மாவுக்கு வாங்கிய காது கேட்கும் கருவி எட்டு மாதம் பிஸ்கட் டின்னில் கிடந்தது. "கிர்ர் என்கிறது" என்பார். திரும்பக் கொண்டுபோய் ஒலி அளவைச் சரிசெய்ய கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கால் மணி நேரத்தை எட்டு மாதம் தள்ளிப்போட்டவன் மருந்தாளரான நான்.

கடைசியாக ஒன்று ஐயா. அந்தப் பாட்டி வாரம் ஒருமுறை கோஜிப் பழமும் செம்பேரீச்சையும் போட்ட கோழிச் சூப் கொண்டுவருகிறார். மாமியார் ஆசையாகக் குடிக்கிறார். நிறுத்த வேண்டுமா? (ஜூரோங் மருமகள்)

மாமியார் வார்ஃபரின் சாப்பிடுகிறாரா? இல்லையென்றால் குடிக்கட்டும். சாப்பிடுகிறார் என்றால் கோஜி மட்டும் வேண்டாம், அது அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டக்கூடும். செம்பேரீச்சை இருக்கலாம், அது பேரீச்சை அல்ல, நம் இலந்தையின் இனம். உப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.