டோசர் முதல் பொக்லைன் வரை: ஓர் ஆபரேட்டரிடம் கேளுங்கள்

எண்பதுகளின் கடைசியில் ஹெல்ப்பராக மண் வேலைக்கு வந்தவன் நான். மண்ணைத் தள்ளும் டோசர், செயினில் ஓடித் தோண்டும் பொக்லைன், முன்னால் அள்ளிப் பின்னால் தோண்டும் ஜேசிபி மூன்றையும் ஓட்டிப் பிழைத்திருக்கிறேன். நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: முதலில் கையில் கிடைத்த மெஷின் எது அண்ணே? எப்படிப் பழகினீர்கள்?

பெமல் டோசர். 1964-ல் பெங்களூரில் தொடங்கிய அரசு நிறுவனம் அது. ஜப்பானின் கோமாட்சு தொழில்நுட்பத்தில் டோசர் செய்துகொண்டிருந்தார்கள். நான் ஏறிய வண்டிக்கு கேபின் கிடையாது, தலைக்கு மேல் ஒரு தகரக் கூரை மட்டும்தான். சித்திரை வெயிலில் இன்ஜின் சூடு முகத்தில் அடிக்கும்.

லீவரைத் தொடுவதற்கு முன்னால் கிரீஸும் மண்வெட்டியும்தான் வேலை. டயருக்குப் பதிலாக ஓடுகிற செயினிலும் அது உருளும் ரோலர்களிலும் ஒட்டிய ஈர மண்ணைச் சாயங்காலமே சுரண்டி எடுத்துவிட வேண்டும். விட்டால் ராத்திரியில் இறுகிப்போகும். காலையில் ரோலர் சுற்றாமல் தேய ஆரம்பிக்கும்.

அந்த டோசரில் ஸ்டியரிங் வீல் இல்லை. இரண்டு லீவர், இரண்டு பிரேக் பெடல். வலது லீவரை இழுத்தால் வலப்பக்கச் செயினுக்குப் போகும் சக்தி நின்று, வண்டி வலது பக்கம் திரும்பும். சமதரையில் இது சரி. செங்குத்தான இறக்கத்தில் கதையே வேறு. வண்டி தன் எடையால் கீழே தள்ளிக்கொண்டு போகும்போது வலது லீவரை மட்டும் இழுத்தால், அந்தச் செயின் பிடி விட்டு வேகமாக ஓடும். இடது செயினை இன்ஜின் பிடித்துவைத்திருக்கும். வண்டி இடது பக்கம் திரும்பிவிடும்! அந்தப் பக்கம் பள்ளம் இருந்தால் யோசித்துப் பாருங்கள். என் குருநாதர் மேட்டில் என்னை நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்து, இதை மறுபடி மறுபடி செய்யவைத்தார். இறக்கத்தில் லீவரோடு பிரேக்கும் சேர்ந்தே வர வேண்டும் என்பது அப்படித்தான் காலில் பதிந்தது.

கேள்வி: வீட்டு அஸ்திவாரத்துக்கு ஜேசிபியைக் கூப்பிடுவதா, பொக்லைனைக் கூப்பிடுவதா?

சாதாரண வீட்டுக்கு ஜேசிபி போதும். டயர் வண்டி, ரோட்டில் தானே ஓடி வந்துவிடும், முன் பக்கெட்டால் மண்ணையும் அள்ளிப் போடும். 20 டன் பொக்லைன் என்றால் டிரெய்லரில்தான் வர வேண்டும். அந்த வாடகையும் உங்கள் தலையில் விழும். ஆழமான தோண்டல், பாறை, இடிப்பு வேலை என்றால் மட்டும் அதைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஐயா, மெஷினை உடனே ஆஃப் பண்ணக் கூடாது என்கிறார்கள். ஏன்?

டர்போவுக்காக. இன்ஜின் புகையின் வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற சாமான் அது; நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றும். பேரிங்கைக் காப்பாற்றுவது இன்ஜின் ஆயில். முழு லோடில் ஓடிய வண்டியைச் சட்டென்று நிறுத்தினால் ஆயில் நின்றுவிடும், சூடு நிற்காது. ஆயில் கருகி பேரிங் போய்விடும். ஐந்து நிமிடம் லோடு இல்லாமல் ஐடிலில் ஓட விடுங்கள். டீசல் வீண் என்று முதலாளி முணுமுணுத்தால் புது டர்போவின் விலையைச் சொல்லுங்கள்.

கேள்வி: உயிர் பயம் வந்த வேலை உண்டா?

உண்டு. ஒரு சாலை வேலையில் உயரமான செம்மண் கரையை அடியிலேயே குடைந்து எடுக்கச் சொன்னார் மேற்பார்வையாளர். அப்படி எடுத்தால் மண் தானாகச் சரியும், வேலை சீக்கிரம் முடியும் என்பது அவர் கணக்கு. தொடங்கும் முன் கரை மேல் ஏறிப் பார்த்தேன். கரையின் விளிம்புக்கு இணையாக, கொஞ்சம் உள்ளே தள்ளி, நூல் பிடித்தாற்போல் ஒரு விரிசல். அதன் வாயிலிருந்து பொடி மண் உதிர்ந்துகொண்டே இருந்தது, காற்றும் இல்லை. இறங்கி வந்து வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டேன். பெரிய சத்தம் போட்டார். நான் மேலிருந்து படிப்படியாக வெட்டுவதானால் வெட்டுகிறேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அடுத்த மழையில் அந்தக் கரை மொத்தமாக இறங்கியது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது தம்பி. கேபின் கம்பி அதற்குத் தாங்காது. இதே விரிசலை ஆழமான குழாய்ப் பள்ளங்களின் ஓரத்திலும் பாருங்கள். பள்ளத்துக்குள் நிற்கிற தொழிலாளிக்கு அது தெரியாது. மேலே உட்கார்ந்திருக்கிற நீங்கள்தான் கத்த வேண்டும்.

கேள்வி: இப்போது ஏசி கேபின், ஜாய்ஸ்டிக். ஆபரேட்டர்கள் சொகுசாகிவிட்டார்களா?

இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. தூசியும் அதிர்வும் இடுப்பையும் நுரையீரலையும் என்ன செய்யும் என்று என் வயதுக்காரர்களைக் கேளுங்கள். நல்ல சீட்டும் மூடிய கேபினும் வேலைக்கான கருவிகள். பிரேக்கர் மாட்டி நாள் முழுக்கப் பாறை உடைக்கிறவனுக்கு ஏசி இல்லாத வண்டியைக் கொடுப்பது அநியாயம்.

கேள்வி: பையன் இந்த வேலைக்கு வரணும் என்கிறான். விடலாமா அண்ணே?

விடுங்கள். ஆனால் நேராக லீவரில் உட்காரவைக்கிற ஆளிடம் அனுப்பாதீர்கள். பயிற்சி மையத்தில் சேர்ந்து சான்றிதழ் வாங்கட்டும். பெரிய நிறுவனங்கள் இப்போது அதைக் கேட்கின்றன. ஜேசிபியை ரோட்டில் ஓட்ட லைசென்ஸும் வேண்டும். அப்புறம் ஒரு நல்ல ஆபரேட்டரிடம் கொஞ்ச காலம் ஹெல்ப்பராக இருக்கட்டும். காலையில் வண்டியைச் சுற்றி வந்து ஆயில் லீக், செயின் தொய்வு, பக்கெட் பல் பார்க்கிற பழக்கம் அங்கேதான் வரும். மின்கம்பி அடியில் மெஷினின் நீளக் கையான பூமைத் தூக்கும் முன் அண்ணாந்து பார்ப்பதையும் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.