டெடிகேட்டட் சர்வர் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: வேர்ட்பிரஸ்ஸில் வூகாமர்ஸ் என்ற கடை பிளக்இன் (கூடுதல் நிரல்) போட்டு ஆன்லைன் கடை நடத்துகிறேன். 2 சிபியு கோர், 4 ஜிபி ரேம் உள்ள விபிஎஸ்ஸில் (ஒரே இயந்திரத்தைப் பலருக்குப் பங்கிட்டுத் தரும் மெய்நிகர் சர்வர்) ஓடுகிறது. சாதாரண நாளில் ஒன்றும் இல்லை. தள்ளுபடி அறிவித்தால் போதும், பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பலருக்கு 504 பிழை வருகிறது. ஹோஸ்டிங் நிறுவனத்தில் கேட்டால் டெடிகேட்டட் சர்வருக்கு, அதாவது முழு இயந்திரமும் எனக்கே என்கிற திட்டத்துக்கு, மாறச் சொல்கிறார்கள். மாதச் செலவு பல மடங்காகும். மாறலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, உங்கள் சர்வருக்குள் எட்டிப் பார்க்காமல் சொல்ல முடிகிற பதில் அவருக்கு அது ஒன்றுதான். நீங்கள் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் அந்த 504. முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர், வேலையை வேர்ட்பிரஸ்ஸை ஓட்டும் பிஎச்பியிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது, 60 நொடி போயும் பதில் வராவிட்டால் கைவிட்டு 504 காட்டுகிறது (அந்த 60 மாற்றக்கூடியதுதான், ஆனால் அதைக் கூட்டினால் வாடிக்கையாளர் இன்னும் அதிக நேரம் காத்திருப்பார், அவ்வளவே). பிஎச்பி ஏன் பதில் சொல்லவில்லை? பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பி பிராசஸ்களை நிர்வகிக்கும் நிரல்) லாக் ஃபைலைத் திறந்து, தள்ளுபடி நாளன்று 'மேக்ஸ் சில்ட்ரன்' எல்லையைத் தொட்டுவிட்டதாக எச்சரிக்கை இருக்கிறதா என்று தேடுங்கள். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் அந்த எண்ணை யாரும் தொடாமல் விட்டால் வெறும் 5. அதாவது ஒரே நேரத்தில் 5 கோரிக்கைகளைத்தான் பிஎச்பி கவனிக்கும், ஆறாவது ஆள் வரிசையில் நிற்க வேண்டும். 64 ஜிபி ரேம் உள்ள டெடிகேட்டட் சர்வர் வாங்கி அதிலும் இந்த 5-ஐ அப்படியே விட்டால், வரிசை கொஞ்சம் வேகமாக நகரும், ஆனால் வரிசை இருக்கும்.

சரி, எத்தனை வைக்கலாம்? வூகாமர்ஸ் ஓட்டும் ஒரு பிஎச்பி பிராசஸ் 80 எம்பி எடுக்கிறது என்று வையுங்கள், உங்களுடையது எவ்வளவு என்பதை, ஓடும் பிராசஸ்களைக் காட்டும் 'டாப்' கட்டளையிலேயே பார்த்துக்கொள்ளலாம். 4 ஜிபியில் டேட்டாபேஸுக்கு 1 ஜிபி, இயங்குதளத்துக்கும் மற்றதற்கும் அரை ஜிபி போனால் மீதி இரண்டரை, அதில் 30 பிராசஸ் வரை இடம் இருக்கிறது. அதற்கு மேல் ஆசைப்பட்டால் ரேம் தீர்ந்து லினக்ஸே ஏதாவது ஒரு பிராசஸைக் கொன்றுவிடும், பெரும்பாலும் அகப்படுவது மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ்தான், ஏனென்றால் ரேமை அதிகம் பிடித்துக்கொண்டிருப்பது அது. கூடவே இன்னோடிபி பஃபர் பூல் (டேட்டாபேஸ் தன் தரவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம்) எவ்வளவு என்று பாருங்கள். இயல்பு நிலையில் 128 எம்பி, கடைக்கு அது போதாது.

பேஜ் கேஷ் (தயாரான பக்கத்தைச் சேமித்து வைத்து அதையே திரும்பத் தருவது) போட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் அது முகப்புப் பக்கத்துக்கும் பொருள் பக்கங்களுக்கும்தான் உதவும். கூடையும் பணம் கட்டும் பக்கமும் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் ஒவ்வொரு முறையும் பிஎச்பியைத் தொட்டே ஆக வேண்டும், தள்ளுபடி நாளில் கூட்டம் அங்கேதான். அதற்கு ரெடிஸ் என்ற நிரலைப் போட்டு ஆப்ஜெக்ட் கேஷ் (டேட்டாபேஸிடம் வாங்கிய விடைகளை ரேமில் வைத்துக்கொள்வது) கொடுங்கள், டேட்டாபேஸில் தாமதமாகும் கேள்விகளைக் குறித்து வைக்கும் ஸ்லோ குவரி லாக்கை ஒரு நாள் திறந்து வையுங்கள். அநேகமாக ஏதாவது ஒரு பிளக்இன் தலையைக் காட்டும்.

இதெல்லாம் செய்தும் திணறினால்தான் சர்வர் பக்கம் வர வேண்டும். நெரிசல் நேரத்தில் 'டாப்' கட்டளையின் சிபியு வரியைப் பாருங்கள், கடைசியில் 'எஸ்டி' என்று ஒரு எண் இருக்கும். உங்கள் விபிஎஸ் சிபியு கேட்டும், அதே இயந்திரத்தில் இருக்கும் மற்றவர்கள் பிடித்துக்கொண்டதால் கிடைக்காமல் போன நேரத்தின் சதவீதம் அது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் அண்டை வீட்டாரைக் குறை சொல்ல முடியாது. நெரிசல் நேரத்தில் அது தொடர்ந்து 10-ஐத் தாண்டினால், நிறுவனம் ஒரே இயந்திரத்தில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் பொருள். அப்போதும் நேராக டெடிகேட்டடுக்குப் போக வேண்டியதில்லை: வேறு இயந்திரத்துக்கு மாற்றித் தரக் கேளுங்கள், அல்லது கோர்களை உங்களுக்கு மட்டும் ஒதுக்கித் தரும் விபிஎஸ் திட்டத்துக்குப் போங்கள். என்னைக் கேட்டால் வளரும் கடைகள் நிறைய பேருக்கு இந்த நடுவழியே போதும், விற்பனைப் பக்கங்களில் ஏனோ இதைக் கீழே ஒரு மூலையில்தான் வைக்கிறார்கள்.

உங்கள் சிக்கல் தள்ளுபடி நாளில் மட்டும் வருவது என்பதையும் மறக்காதீர்கள். விபிஎஸ்ஸை முந்தைய இரவு பெரிதாக்கி ஒரு ரீபூட்டோடு முடித்து, தள்ளுபடி முடிந்ததும் பழைய அளவுக்கு இறக்கலாம். டிஸ்க்கை மட்டும் பெரிதாக்காதீர்கள், பெரும்பாலான இடங்களில் அதைத் திரும்பச் சிறிதாக்க முடியாது. டெடிகேட்டடில் இந்த வசதி இல்லை, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் முழுக்க அதே வாடகை.

டெடிகேட்டடில் யாரும் சொல்லாத இன்னொரு வேலை, டிஸ்க். இரண்டு டிஸ்க் போட்டு ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே தரவை எழுதும் முறை) வைத்துக் கொடுப்பார்கள். ஒன்று செத்தால் தளம் மற்றதில் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் செத்ததே உங்களுக்குத் தெரியாது. நிர்வாகம் உங்கள் பொறுப்பு என்கிற திட்டமாக இருந்தால், எச்சரிக்கை மெயில் வரும்படி நீங்களே அமைத்திருக்க வேண்டும், டிஸ்க்கை மாற்றக் கேட்டு நிறுவனத்துக்கு நீங்களே டிக்கெட் போட வேண்டும். அப்புறம், ரெய்டு பேக்கப் ஆகாது: தவறுதலாக ஒரு டேபிளை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். விபிஎஸ்ஸில் வன்பொருளை நிறுவனம் பார்த்துக்கொள்ளும், ஸ்னாப்ஷாட்டும் (அந்த நேரத்து சர்வரின் முழு நகல்) இருக்கும், ஆனாலும் ஒரு பிரதியை வேறு நிறுவனத்திடம் வையுங்கள்.

டெடிகேட்டட் யாருக்குத்தான்? நாள் முழுக்க சிபியு மேலேயே நிற்பவர்கள், டேட்டாபேஸ் பெரிதாகி 64, 128 ஜிபி ரேம் கேட்பவர்கள், வீடியோ மாற்றும் வேலை ஓட்டுபவர்கள், ஒப்பந்தப்படி தனி இயந்திரம் வைத்தே தீர வேண்டியவர்கள். அந்த அளவில் ஒரு ஜிபிக்கு ஆகும் செலவு விபிஎஸ்ஸைவிடக் குறையவே செய்யும். நீங்கள் அங்கே இன்னும் வரவில்லை.

எங்கே மாறினாலும் சரி, முந்தைய நாளே டிஎன்எஸ் டிடிஎல்லை (உங்கள் தளத்தின் சர்வர் முகவரியை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவு) 300 நொடிக்குக் குறைத்துவிடுங்கள். மாற்றும் நேரத்தில் பழைய சர்வரில் கடையைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோன பிறகே டேட்டாபேஸைக் கடைசியாக நகல் எடுங்கள். இல்லாவிட்டால் பாதி ஆர்டர் பழையதிலும் பாதி புதியதிலும் விழும், ஒரே ஆர்டர் எண் இரண்டு பேருக்குப் போயிருக்கும்.